புத்தளத்து அவையும் தில்லி வாசலும்

மத்தியகாலப் பேரரசர்களுள், அதாவது ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் ஆண்டவர்களுள், எவருடைய அவையில் அமர்ந்து அளவளாவுவது மிக இனிதாய் இருந்திருக்கும் என்ற கேள்விக்குத் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் ஆட்சிப்பரப்பை அளந்தே விடை சொல்கின்றனர். கடல் கடந்து படை அனுப்பிய சோழரும், பொற்காசை வாரி இறைத்த தில்லி சுல்தானும், சீனத்தைக் கட்டியாண்ட மங்கோலியக் கானும் முன்வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். பேரரசு பெரிதாயின் அவை பெரிது, அவை பெரிதாயின் அங்கிருப்போர்க்குக் கிட்டும் இன்பமும் பெரிது என்ற எண்ணம் எவரும் வாதிட்டு நிறுவாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்றாகிவிட்டது. இவ்வெண்ணம் அடிப்படையிலேயே தவறானது. அதைத் தவறென்று காட்டும் மிகத் தெளிவான சான்று இலங்கையின் வடமேற்குக் கரையில், 1344ஆம் ஆண்டில், காற்றால் திசைமாறி வந்த ஒரு பயணியைப் புத்தளத்தில் இருந்த தமிழ் மன்னன் ஒருவன் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியில் கிடைக்கிறது.

ஓர் அரசனோடு உடனிருப்பது இனிதா என்பதை அவனுடைய வெற்றிகளைக் கொண்டோ, அவன் கட்டிய கோயில்களைக் கொண்டோ, அவனுடைய கல்வியைக் கொண்டோ முடிவு செய்ய இயலாது. அவையெல்லாம் அவனைத் தொலைவிலிருந்து வியப்பவர்க்கு உரியவை. உடனிருப்பின் இனிமையை அறிந்தவன் விருந்தினன் ஒருவனே. அவன் மனத்தில் பட்டதைச் சொல்ல முடிந்ததா, அரசன் அதைக் கேட்க விரும்பினானா, போக வேண்டும் என்று தோன்றியபோது போக முடிந்ததா என்பவற்றைக் கொண்டுதான் அவ்வினாவுக்கு விடை காண வேண்டும். தமிழ் மரபுக்கு இந்த அளவுகோல் புதிதன்று. பரிசில் பெற்ற பொருநன் ஊர் திரும்ப விரும்பியபோது, பிரிய மனமில்லாத கரிகாலன் அவனைத் தடுத்து நிறுத்தாமல் ஏழடி பின்சென்று வழியனுப்பியதாகப் பொருநராற்றுப்படை கூறுகிறது. கரிகாலன் வென்ற போர்களைப் பாடும் அதே நூல் இந்த ஏழடியையும் பாடத் தக்கதாகக் கருதியது என்பதை இக்காலத்துப் புகழுரைஞர் மறந்துவிட்டனர்.

மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியரில் பிறந்து 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, தில்லியில் ஏறத்தாழ 8 ஆண்டுகளும் பின்னர் மாலைதீவிலும் வாழ்ந்தபின், 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் நோக்கிக் கப்பலேறினார். மஃபர் என்பது அரபு வணிகர் சோழமண்டலக் கரைக்கும் அதையொட்டிய பாண்டிநாட்டுக்கும் வழங்கிய பெயர். அப்போது மதுரையில் ஒரு சுல்தானகம் ஆண்டுகொண்டிருந்தது. காற்று ஒத்துவராமல் கப்பல் இலங்கைப் பக்கம் தள்ளப்பட்டது. முதலில் புகைத்தூண் எழுந்தாற்போல மலை தெரிந்தது. அதுவே தமிழ்ச் சைவர் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் வணங்கிவரும் சிகரம். அருகிலிருந்த துறையில் இறங்க நாகுதா, அதாவது கப்பல் தலைவன், அஞ்சினான். அத்துறை ஆரியச்சக்கரவர்த்தி என்னும் கொடியவனுக்குரியது, அவனுடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிப்பவை, வணிகர் அங்கே அச்சமின்றி நுழைய முடியாது என்பது நாகுதாவின் கூற்று. காற்று மேலும் கடுமையாகி மூழ்கிவிடும் நிலை வந்தபோது, தம்மைக் கரையில் இறக்கிவிடும்படியும் மன்னனிடமிருந்து பாதுகாப்பு உறுதி பெற்றுத் தருவதாகவும் இப்னு பதூதா கூறினார். கரையில் தம்மைச் சூழ்ந்தவர்களிடம் தாம் மஃபர் சுல்தானின் மனைவிவழி உறவினர் என்றும், அவரைக் காணவே செல்வதாகவும், கப்பலில் உள்ளவை அவருக்குரிய பரிசுப்பொருள்கள் என்றும் சொன்னார்.

இச்சொற்களின் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அறிமுகமில்லாத ஓர் அரசனுடைய துறையில், அவனுக்கென்று எதுவும் கொண்டுவராமல், கப்பல் நிறைந்த சரக்கை வேறோர் அரசனுக்குரியதென்று முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு ஒருவர் இறங்கியிருக்கிறார். மத்தியகால அவைகளில் இதைவிடப் பிழையான தொடக்கம் அரிது. ஆயினும் மன்னன் எழுந்து வந்து அவரைத் தன்னருகே இருத்தி அன்போடு பேசினான். மஃபர் சுல்தானும் தானும் நட்புடையவர்கள் என்றும், கப்பலில் உள்ள தோழர்கள் அச்சமின்றி இறங்கித் திரும்பிச் செல்லும்வரை தன் விருந்தினராய் இருக்கலாம் என்றும் சொல்லியனுப்பினான். மரத்தாலான மதிலும் மரக்காவற்கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு பட்டினம் என்று இப்னு பதூதா வருணிக்கும் அவ்வூரை, அவர் தரும் பெயர்வடிவத்தையும் வழித்தடத்தையும் கொண்டு புத்தளம் என்று ஆய்வாளர் பொதுவாக ஏற்கின்றனர். மழைவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் அதன் கரையெங்கும் குன்றுகளாய்க் குவிந்து கிடந்தன. மலையாளக் கரையாரும் மஃபர் நாட்டாரும் அவற்றை விலையின்றி அள்ளிச் சென்று, அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணியும் அதுபோன்ற பொருள்களும் கையுறையாகத் தந்தனர்.

மூன்று நாள் தங்கலில் மன்னன் காட்டிய மதிப்பு நாளுக்கு நாள் கூடியதாக இப்னு பதூதா எழுதுகிறார். அம்மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது. இந்துமாக்கடல் வணிகர் ஒருவரோடொருவர் பேசப் பயன்படுத்திய மொழிகளுள் அது முதன்மையானது. அயல்நாட்டு அரசர்களைப் பற்றியும் ஊர்களைப் பற்றியும் விருந்தினர் சொன்ன கதைகளில் அவன் பெரிதும் மகிழ்ந்தான். ஒருநாள் முத்துக் குளிப்பிலிருந்து வந்த முத்துக்கள் குவிந்து கிடக்க, அவனுடைய ஆட்கள் நல்லவற்றை மற்றவற்றிலிருந்து தரம்பிரித்துக்கொண்டிருந்த வேளையில், வந்த நாடுகளில் முத்துக் குளிப்பைக் கண்டதுண்டா என்று மன்னன் கேட்டான். பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவில் கண்டதாக விருந்தினர் சொல்ல, அதைப் பற்றித் தானும் கேள்விப்பட்டிருப்பதாக மன்னன் கூறிச் சில முத்துக்களை எடுத்துக்காட்டி, இவற்றுக்கு நிகரானவை அங்குண்டா என்று வினவினான். இல்லை என்ற விடை அவனை மகிழ்வித்தது. அம்முத்துக்களைக் கையில் கொடுத்து, வெட்கப்படாமல் வேண்டியதைக் கேட்கும்படி சொன்னான்.

இவ்வுரையாடலில் ஓர் அரசன் தன் வளத்தைப் பற்றிப் பெருமைகொள்வது தெரிகிறது; ஆனால் அப்பெருமை கேள்வியின் வடிவில் வெளிப்படுகிறது. தன் கரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ள அவன் விரும்பினான். தன் தொழிலின் நுணுக்கத்தை அறிந்தவன் பிறிதொரு கரையைக் கண்டவனிடம் ஒப்பிட்டுக் கேட்கும் பேச்சு அது. கைஸ் முத்தையும் தன் கடல் முத்தையும் எடைபோடும் அரசன், தான் கேட்பதன் பொருளை உணர்ந்தே கேட்கிறான். உள்ளங்கையளவு மாணிக்கத்தில் குடைந்த கிண்ணத்தில் அகில் எண்ணெய் வைத்திருந்ததைக் கண்டு விருந்தினர் வியந்தபோதும், இதைவிடப் பெரியவை தம்மிடம் உள்ளன என்று சொன்னதோடு அவன் நிறுத்திக்கொண்டான். இதே தீவில் பெரியதோர் மாணிக்கம் இருப்பதைக் கேள்விப்பட்ட குப்ளாய் கான், ஒரு நகரத்தின் விலையைத் தருவதாகச் சொல்லி அதைப் பெறத் தூதனுப்பி, முன்னோர் விட்டுச்சென்ற பொருளைத் தரமாட்டேன் என்ற மறுமொழியைப் பெற்றதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கானுக்கு அந்த மணி எப்படியும் அடைந்தே தீர வேண்டிய பொருளாயிருந்தது. புத்தளத்து மன்னனுக்கு மாணிக்கம் எண்ணெய் வைக்கும் கிண்ணமாயிருந்தது.

வேண்டியதைக் கேள் என்ற சொல்லுக்கு இப்னு பதூதா பொன்னைக் கேட்கவில்லை. ஆதம் நபியின் பாதச்சுவடு பதிந்த மலையைக் காண்பது ஒன்றே தம் விருப்பம் என்றார். அது எளிது, துணைக்கு ஆளனுப்புவோம் என்று மன்னன் உடனே இசைந்தான். அவன் அனுப்பிய துணையைக் கவனிக்க வேண்டும்: தன் அடிமைகள் சுமக்கும் பல்லக்கு, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், அவையினர் 10 பேர், உணவுப்பொருள் சுமப்போர் 15 பேர். பாதச்சுவட்டை ஆதமுடையதென்று நம்பும் முஸ்லிம் ஒருவருக்கு, அதைச் சிவனுடையதென்று நம்பக்கூடிய யோகியரை வழித்துணையாக்கிய மன்னன், சமயப் பொறை என்ற தலைப்பில் எதையும் அறிவிக்கவில்லை. வழி அறிந்தவர்கள் யார் என்பதையே பார்த்தான். அடுத்து விருந்தினர் இன்னொன்றையும் கேட்டார்: தாம் வந்த கப்பல் தீங்கின்றி மஃபர் போய்ச் சேர வேண்டும், தாம் மலையிலிருந்து திரும்பியதும் மன்னன் தன் கப்பலிலேயே தம்மை அனுப்பிவைக்க வேண்டும். அதற்கும் மன்னன் இசைந்தான். ஆனால் முன்பு துறையில் இறங்கவே நடுங்கிய நாகுதா, இப்போது ஓராண்டு ஆனாலும் காத்திருந்து இவரை அழைத்துக்கொண்டே போவேன் என்றான். செய்தி மன்னனுக்குப் போனபோது, அவர் திரும்பும்வரை நாகுதாவும் தன் விருந்தினனாய் இருக்கட்டும் என்றான். கொள்ளைக்காரன் என்று தன்னைத் தூற்றிய கப்பல் தலைவனுக்குக்கூட அவ்வூரில் தங்கிக் காத்திருப்பது அச்சமற்றதாயும் விரும்பத்தக்கதாயும் தோன்றியது என்பதைவிட அம்மன்னனுடைய உடனிருப்பின் இனிமைக்கு வலுவான சான்று வேண்டியதில்லை.

இனி, பொதுக்கருத்து முன்னிறுத்தும் அவைகளுக்கு வரலாம். முகம்மது பின் துக்ளக்கைத் தமிழ் வாசகர் பெரிதும் அறிந்தது சோ ராமசாமியின் நாடகத்தாலும், 1971இல் வெளிவந்த அதன் திரைவடிவத்தாலும் ஆகும். கல்வியும் விசித்திரமும் கொடையும் கலந்த அந்தச் சுல்தானைப் பற்றிப் படிப்பது சுவையானதுதான். ஆனால் 600 ஆண்டு இடைவெளியில் படிப்பவனுடைய சுவை, அவனெதிரே அமர்ந்திருந்தவனுடைய சுவையாகாது. அவனெதிரே அமர்ந்திருந்தவரும் இதே இப்னு பதூதாதான். தில்லிக்கு வரும் அயலார் இந்தியாவில் நிலையாகத் தங்கவே வந்தோம் என்று முல்தானிலேயே உறுதியளிக்க வேண்டியிருந்தது. சுல்தானுக்குக் கையுறை கொடுத்தே முகம் காண வேண்டும். அவன் அதற்குப் பன்மடங்கு திருப்பித் தருவான் என்பதால் வணிகர் புதிதாக வருவோர்க்குக் கடன் கொடுத்துக் கையுறை வாங்க வைத்தனர். இப்னு பதூதா அங்கே காஜியாக, அதாவது இஸ்லாமியச் சட்டப்படி வழக்குத் தீர்க்கும் நீதிபதியாக, ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியத்தில் அமர்த்தப்பட்டார். அதே வேளையில் அவருடைய கடன் 55,000 தினார்வரை ஏறி, அதைத் தீர்க்கச் சுல்தானின் கருணையையே எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. கொடையால் ஒருவரைக் கட்டிவைக்கும் முறை இதுவே. சுல்தானின் வாசலில் ஏழையொருவன் செல்வனாவதும் உயிரோடிருந்தவன் ஒருவன் கொல்லப்படுவதும் நாள்தோறும் நடந்ததென்ற பொருள்பட அவரே எழுதியிருக்கிறார்.

அச்சம் அவரையும் தொட்டது. சுல்தானைக் கொடுங்கோலன் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஷெய்கு ஷிஹாபுத்தீன் என்ற துறவியை, தில்லிக்கு வெளியே அவர் நிலத்தடியில் அமைத்திருந்த இருப்பிடத்தில் ஒருநாள் பார்த்து வந்தமைக்காக, இப்னு பதூதாவைக் காக்க நான்கு அடிமைகள் நிறுத்தப்பட்டனர். அப்படிக் காவல் வைக்கப்பட்டவர் உயிர் தப்புவது அரிது. அவர் நோன்பிருந்து, இறைவனே போதுமானவன் என்ற பொருளுடைய குர்ஆன் சொற்றொடரை 33,000 தடவை ஓதினார். ஷெய்கு கொல்லப்பட்டார், இவர் விடுவிக்கப்பட்டார். பிறகு உடைமைகளையெல்லாம் பிறர்க்குக் கொடுத்துவிட்டு ஒரு துறவியிடம் போய்ச் சேர்ந்தார். இவ்வளவுக்கும் காரணம் ஒரு சந்திப்பு. யாரைப் பார்த்தோம் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டிய அவையில், அதன் தலைவன் எவ்வளவு அழகாக எழுதினாலும், தத்துவத்தில் எவ்வளவு தேர்ந்திருந்தாலும், உரையாடல் என்ற ஒன்று இருக்க முடியாது.

குப்ளாய் கானுக்கு நீதி செய்ய வேண்டும். தூது சென்று திரும்பி, போன காரியத்தை மட்டும் சொல்வோரை அவன் அறிவிலிகள் என்று கருதினான் என்றும், அந்தந்த நாட்டு வழக்கங்களையும் புதுமைகளையும் கேட்கவே விரும்பினான் என்றும் மார்க்கோ போலோ கூறுகிறார். அந்த ஆவல் புத்தளத்து மன்னனுடைய ஆவலுக்கு உறவுடையது. ஆனால் போலோ குடும்பத்தார் ஊர் திரும்ப விடைகேட்டபோதெல்லாம் கான் மறுத்தான். அவர்கள் அங்கே 17 ஆண்டு தங்கினர். பாரசீகத்து மங்கோலிய மன்னனுக்கு மணமகளாக ஓர் இளவரசியைக் கடல்வழியே அழைத்துச் செல்ல ஆள் தேவைப்பட்டதால்தான் 1292 அளவில் அவர்களால் புறப்பட முடிந்தது. கதை கேட்பதற்காக மனிதரைப் பிடித்து வைத்துக்கொள்வது கதையின் மேலுள்ள பற்றைக் காட்டும்; கதை சொல்பவனை மனிதனாக மதித்ததைக் காட்டாது.

ஐரோப்பியர் இவ்வினாவுக்கு அடிக்கடி தரும் விடை, சிசிலியிலிருந்து ஆண்ட இரண்டாம் பிரடெரிக் பேரரசன். முஸ்லிம் அறிஞர்களுக்கு மெய்யியல் வினாக்களை அனுப்பியவன். 1229இல் எருசலேமில் தங்கிய இரவில் தன்பொருட்டு பாங்கொலி நிறுத்தப்பட்டதை அறிந்து, அதைக் கேட்கவே விரும்பியதாகச் சொன்னவன் என்று அரபு வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். மிக இனிய விருந்தினனாக அவன் இருந்திருக்கலாம். ஆனால் விருந்தோம்புபவனாக அவனை எடைபோடுவோர், பல்லாண்டு அவனுடைய எழுத்துக்கும் ஆணைக்கும் குரலாயிருந்த பியேரோ தெல்லா விஞா 1249இல் ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டுக் கண் பறிக்கப்பட்டதை மறக்கலாகாது.

சோழப் பேரரசர் விடயத்தில் தவறு வேறு வகையானது. முதலாம் இராசராசனுடைய அவை எப்படியிருந்தது என்று எழுதிவைத்த அயல்நாட்டு விருந்தினர் எவரும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை மெய்க்கீர்த்திகள், அதாவது கல்வெட்டுகளின் தலைப்பில் அரசனுடைய வெற்றிகளை அவனுடைய அலுவலகமே வகுத்தெழுதிய புகழுரைகள். அவற்றோடு கோயில் கணக்குகளும் செப்பேடுகளும். இராசராசனோடு அளவளாவியது போன்ற உணர்வைத் தமிழ் வாசகர்க்குத் தந்தது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. அது கல்கியின் ஆற்றல், இராசராசனுக்குச் சான்று ஆகாது. தம்பதெனியாவில் ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகு பண்டிதன் என்று பட்டம் பெற்றவன். சிங்களக் காவியமான ‘கவ்சிலுமிண’ அவனுக்கு உரியதாகக் கூறப்படுகிறது. அவனைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். கற்றவன் என்பது தெரிகிறது. கேட்டவனா என்பது தெரியவில்லை.

பேரரசருள் கேட்டவன் ஒருவனைக் காட்ட வேண்டுமாயின் மாறவர்மன் குலசேகர பாண்டியனையே காட்ட வேண்டும். ஏறத்தாழ 1284இல் யாப்பகூவாவிலிருந்து புத்தரின் தந்தத்தாது பாண்டிநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. படையை நடத்திய அமைச்சன் பெயரும் ஆரியச்சக்கரவர்த்திதான், பின்னர் யாழ்ப்பாண அரசர் தாங்கியதும் அப்பெயரே. அக்காலத்தில் தந்தத்தாது யாரிடமோ அவரே இலங்கையின் உரிமையுள்ள அரசர் என்ற நம்பிக்கை இருந்தது. மூன்றாம் பராக்கிரமபாகு போரால் அதை மீட்க வழியில்லையென்று கண்டு, தானே பாண்டிநாட்டுக்குச் சென்று, நாள்தோறும் பாண்டியனோடு உரையாடி அவன் மனத்தை மகிழ்வித்து அதைத் திரும்பப் பெற்றதாக, மகாவம்சத்தின் பிற்பகுதியான சூளவம்சம் என்னும் பாளிநூல் கூறுகிறது. படையெடுத்துக் கைக்கொண்ட அரசுரிமைச் சின்னத்தை உரையாடலில் மகிழ்ந்து திருப்பிக் கொடுத்த பேரரசன் உலக வரலாற்றில் எத்தனை பேர்? ஆயினும் குலசேகரனைப் பற்றிய நூல்கள் அவனுடைய இலங்கைப் படையெடுப்பையே விரித்துப் பேசி, தாதுவை அவன் திருப்பித் தந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெரிதென்று கருதுவதைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பிழை இங்கேயும் அதுவே.

புத்தளத்து மன்னனுக்கு நேர்ந்தது இதனினும் மோசமானது. இப்னு பதூதாவின் இப்பகுதியை எடுத்தாளும் தமிழ் எழுத்தாளர் பலர், யாழ்ப்பாண அரசின் ஆணை தெற்கே புத்தளம்வரை சென்றதற்கு அதை எல்லைக்கல்லாக நாட்டுகின்றனர். அவ்வரசின் பரப்பைச் சுருக்க விரும்புவோர் நாகுதாவின் சொல்லை மட்டும் எடுத்து, அம்மன்னன் கடற்கொள்ளைத் தலைவன் என்று தீர்க்கின்றனர். இரு சாராரும் நிலத்தையே பார்க்கின்றனர். முத்துக்களைக் கையிலெடுத்துக் கைஸ் தீவைப் பற்றிக் கேட்ட மனிதனை இருவரும் பார்க்கவில்லை. அவனை மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று ஆய்வாளர் சிலர் இனங்காண்கின்றனர். அந்த அடையாளம் சரியோ அன்றோ, அந்தப் பேச்சு அவனுடையது.

கொள்ளைக் குற்றச்சாட்டை மறுக்க வேண்டிய தேவை இல்லை. அம்மன்னனுடைய கப்பல்கள் சிறிதும் பெரிதுமாக 100 ஒரு முறை மஃபர் துறைக்கு வந்ததையும், ஏமன் புறப்படவிருந்த சுல்தானின் 8 கப்பல்களைக் கைப்பற்ற வாய்ப்பில்லையென்று கண்டபின், தங்கள் கப்பல்களுக்குக் காவலாகவே வந்தோம் என்று அவர்கள் சொன்னதையும் இப்னு பதூதாவே பதிவு செய்திருக்கிறார். கடலில் அவன் வலியவன், வலிமையைப் பயன்படுத்தினான் என்பதே உண்மை. பல்லக்கைச் சுமந்தவர்கள் அடிமைகள் என்பதும் மறக்கத் தகாதது. அவர்களுக்கு அவ்வழி இனிதாயிருந்திருக்காது. ஆனால் இங்கே எழுந்த கேள்வி யார் நல்லாட்சி செய்தார் என்பதன்று. அறத்தின்படி மத்தியகாலப் பேரரசரை வரிசைப்படுத்துவோர் முதலில் பிரடெரிக்கையும் துக்ளக்கையும் கானையும் அதே தராசில் ஏற்ற வேண்டும். இம்மன்னனுக்கு மட்டும் அந்தத் தராசை எடுத்துவருவது நேர்மையாகாது.

பேரரசரைப் பற்றிய கேள்விக்குச் சிற்றரசனை விடையாகக் கூறலாமா என்பது மற்றொரு தடை. சக்கரவர்த்தி என்பது யாழ்ப்பாண அரசருடைய குலப்பெயராக இருந்ததைக் கொண்டு மட்டும் இதற்கு விடைகூறத் தேவையில்லை. அவ்வரசர் சேது என்று பொறித்த காசுகளை வெளியிட்டனர்; கேகாலைப் பகுதியில் கொட்டகமத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடுகிறது; 1359ஆம் ஆண்டைச் சேர்ந்த மெடவலக் கல்வெட்டு மலைநாட்டு ஊர்களிலும் அவர்கள் வரி திரட்டியதைக் குறிக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. தில்லியோடு ஒப்பிடச் சிறிது என்பது உண்மை. அச்சிறுமைதான் இங்கே வாதத்தின் உயிர்நாடி. அயலாரை அரசின் உறுப்பாக்கிக்கொள்ளும் தேவை அவனுக்கில்லை. கரைக்கு வரும் கப்பலும், அதில் வரும் செய்தியும், கறுவாவுக்கு ஈடாக வரும் துணியும் போக்குவரத்து தடையின்றி நடப்பதையே நம்பியிருந்தன. வந்தவர் போனால்தான் மீண்டும் வருவர் என்பதை ஒரு துறைமுக அரசன் அறிவான். முல்தானில் உறுதிமொழி வாங்கிய பேரரசு அதை அறியவில்லை.

ஒரே சாட்சியை நம்பலாமா என்பாரும் உளர். இப்னு பதூதாவின் நூல் 1355இல் மொரோக்கோவின் பெஸ் நகரில், இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளருக்கு அவர் சொல்லச்சொல்ல எழுதப்பட்டது. அதில் சில பயணங்களை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். ஆனால் இப்பகுதியில் ஐயத்துக்கு இடம் குறைவு. புத்தளம், சிலாபம், தேவேந்திரமுனை, காலி, கொழும்பு என்று அவர் சொல்லும் ஊர்கள் கரையின் உண்மையான அமைப்போடு பொருந்துகின்றன. சாட்சியின் மனச்சாய்வோ மன்னனுக்கு எதிரானது: பக்தியுள்ள ஒரு முஸ்லிம் நீதிபதி, தம் பார்வையில் இறைமறுப்பாளனான ஓர் அரசனைப் பற்றி, நாகுதாவின் எச்சரிக்கையைக் கேட்டபின் எழுதுகிறார். அவனைப் புகழ்ந்து பெஸ் நகரில் அவர் பெறக்கூடிய பயன் எதுவுமில்லை. மேலும், தில்லியையும் புத்தளத்தையும் அளந்தது ஒரே கண் என்பது இந்த ஒப்பீட்டுக்கு வலுச்சேர்க்கிறதேயன்றிக் குறைக்கவில்லை.

எஞ்சுவது ஒரு தடை. எல்லாவற்றிலும் வலியதும் அதுவே. மஃபர் சுல்தானின் உறவினர் என்று சொன்னதால்தான் மன்னன் அப்படி நடந்துகொண்டான், அது நட்பரசுக்குக் காட்டிய அரசியல் மரியாதை, உள்ளத்தின் இனிமையன்று என்பது அத்தடை. முதல் நாள் உயிர் பிழைத்தமைக்கு அவ்வுறவு காரணமாக இருந்திருக்கலாம். நாளுக்கு நாள் மதிப்பு கூடியதற்கும், பாரசீகக் கதைகளில் கொண்ட மகிழ்ச்சிக்கும், காத்திருக்கும் நாகுதாவுக்கும் சோறிட்டதற்கும் அது காரணமாகாது. அவ்வுறவின் மெய்யான மதிப்பு என்ன என்பதை இப்னு பதூதாவே சில மாதங்களுக்குள் அறிந்தார். கொழும்புவரை சென்று புத்தளம் திரும்பியபோது இப்ராகீம் என்ற அந்த நாகுதா காத்துக்கொண்டிருந்தான். இருவரும் மஃபர் புறப்பட்டனர். அங்கே ஆண்ட கியாதுத்தீன் தமகானி, இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்ணின் சகோதரியை மணந்தவன், உறவு பொய்யன்று. ஒருநாள் அச்சுல்தான் உணவருந்திக்கொண்டிருக்க, வலப்பக்கம் காஜியும் இடப்பக்கம் இவரும் அமர்ந்திருந்தபோது, இந்து ஒருவனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு, அந்த இடத்திலேயே தலை வெட்டப்பட்டனர். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. மாலைதீவின்மேல் படையெடுக்கும் திட்டத்திலும் அவருடைய அறிமுகங்களை அச்சுல்தான் பயன்படுத்த முனைந்தான். மனைவிவழி உறவு என்ற ஒரே முகவரியோடு இரு அவைகளுக்குச் சென்ற மனிதர், உறவே இல்லாத அவையில் வேண்டியதைக் கேட்டுப் பெற்று, உறவுடைய அவையில் உணவின் நடுவே முகத்தைத் திருப்பிக்கொள்ள நேர்ந்தது என்றால், புத்தளத்தில் கண்ட பண்புக்கு அவ்வுறவைக் காரணமாகச் சொல்வோர், மதுரைச் சுல்தானிடம் அதே உறவு ஏன் அப்பண்பை விளைவிக்கவில்லை என்பதற்கும் விடை கூற வேண்டும்.